வண்டி பேப்பரையா குடிக்குது?

மெக்கானிக்கம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். லாரி ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். "ஏன்யா, கிளட்சை மிதின்னா, மண்ணை மிதிக்கிற மாதிரி மிதிச்சுத் தேச்சுக்கிட்டு வந்திருக்கியே" என்று அவள் கத்தினால் டிரைவர்கள் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் ஆளாளுக்கு வேறு வேலை இருப்பது ஞாபகத்துக்கு வரும்.

நாற்பது லாரிகள் ஓடும் ஷெட் அது. பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிறாள். ஒர்க்‌ஷாப் முழுக்க அவள் பொறுப்பு. அவளுடைய அக்கா அதே வளாகத்தில், சரக்கு ஏற்றும் கொட்டகையில், எந்தப் பெட்டி எந்த வண்டிக்கு என்று பார்த்து அனுப்புகிறவள். அக்காவின் கணவர் அங்கேயே டிரைவர். மெக்கானிக்கம்மாவுக்கு மாமா முறை. "குடும்பத்தையே கொண்டுவந்து ஷெட்டுல கட்டிப் போட்டாச்சு. ஒரு நாய் இருந்தா அதுக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்துடலாம்" என்பார் மாமா.

சரக்குக் கொட்டகை மூன்று பக்கமும் அடைத்தது. ஒரே நேரத்தில் ஆறு வண்டிகள் பின்பக்கத்தை உள்ளே விட்டு நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை மேலே போய், தகரக் கூரையில் முட்டி, அக்காவின் தலையில் இறங்கும். சாயங்காலம் அக்கா மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிடும். அவளுக்கு இருமல் வந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்ஹேலர் எப்போதும் இடுப்பில் இருக்கும், சாவிக்கொத்து மாதிரி.

அதனால்தான் புது டீசலைப் பற்றிப் பேச்சு வந்தபோது மெக்கானிக்கம்மா தானாகவே முன்னால் போய் நின்றாள். ஷெட்டின் பெரிய வாடிக்கை ஒரு கடைக் கம்பெனி. ஊர் ஊராகக் கிளை வைத்திருப்பவர்கள். தங்கள் சரக்கு ஏற்றும் லாரிகளின் புகை குறைய வேண்டும், எல்லா வண்டியும் புதுப்பிக்கத்தக்க டீசலில்தான் ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் எதற்கும் சிரிப்பார். அவருக்கு ஷெட்டில் பெயரே 'சிரிப்பு'தான்.

டிரைவர்களைச் சம்மதிக்க வைப்பது மெக்கானிக்கம்மாவின் தலையில் விழுந்தது.

"இது பூமிக்கடியில தோண்டி எடுக்கிறது இல்ல" என்று அவள் விளக்கினாள். "பொரிச்சு முடிச்ச எண்ணெய், வீணாப் போற கொழுப்பு, இதையெல்லாம் ஆலைல ஹைட்ரஜன் சேர்த்து, சூட்டுல வெச்சு, அசல் டீசலாவே மாத்திடுறாங்க. நம்ம இன்ஜின்ல ஒரு திருகாணியக்கூடத் தொட வேண்டாம். ஊத்துனா ஓடும். கரியும் கம்மி, நாத்தமும் கம்மி."

"பேரு என்ன சொன்ன?" என்று கேட்டார் ஒட்டகம். ஷெட்டின் மூத்த டிரைவர் அவர். நல்ல உயரம், லேசான கூன், ஒரு தடவை தண்ணீர் குடித்தால் முந்நூறு கிலோமீட்டர் எங்கும் நிறுத்த மாட்டார்.

"புதுப்பிக்கத்தக்க டீசல்."

"எனக்கு வாயிலயே நுழையல. என் டேங்க்ல எப்படி நுழையும்?"

முதல் லோடு வந்தபோது ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினாள். ஒட்டகம் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "பச்ச டீசல் பச்ச டீசல்னீங்க. கடைசில பச்சத் தண்ணியா இருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாட்டிலை மூடி, தேதி எழுதி ஒட்டி, ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைத்தாள். புதிதாக எது வந்தாலும் ஒரு மாதிரி எடுத்து வைப்பது அவள் வழக்கம்.

மூன்று வாரத்தில் கொட்டகையில் பழைய நாற்றம் இல்லை. அக்கா ஒருநாள் வேலை முடிந்து வந்து கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அதில் கறை இருந்தது. ஆனால் கறுப்பு என்று சொல்ல முடியாது. "இன்னைக்கு மருந்தை ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்" என்றாள். ஒட்டகம்கூட ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "வண்டி கொஞ்சம் சத்தம் கம்மியாத்தான் ஓடுது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதங்களில் மெக்கானிக்கம்மா தன் வேலையை நினைத்துப் பெருமைப்பட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவது மாதத்தில், குளிர் தொடங்கியபோது, அக்கா ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள்.

"ஏய், பழைய வாடை வருதுடி."

"காத்து திரும்பியிருக்கும்."

"காத்து எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா அங்கதான நிக்கிறேன்."

"வெளி வண்டி ஏதாவது வந்திருக்கும்கா. பாக்கிறேன்."

அவள் பார்க்கவில்லை. அந்த வாரம் இரண்டு கியர்பாக்ஸ் பிரித்துப் போட்டிருந்தாள். இதற்காக அவள் பின்னால் தன்னையே மன்னிக்கவில்லை.

ஆறாம் நாள் ஒரு வண்டி இழுவை இல்லை என்று வந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அடைத்திருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு வண்டிகள், அதே கொழகொழப்பு. வண்டி டேங்கிலிருந்து ஒரு பாட்டில் பிடித்தாள். பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது போய், ஆறிப்போன டீ மாதிரி மஞ்சளாகக் கலங்கியிருந்தது. மோந்து பார்த்தாள். சாதா டீசல் நெடி, அதற்கு அடியில் காறிப்போன எண்ணெய் நெடி.

ஷெட்டின் சொந்தப் பம்புக்கு டீசல் தரும் தரையடித் தொட்டியைத் திறக்கப் போனாள். மூடியில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி முதலாளியிடம் என்றார்கள்.

முதலாளி சிரித்தார். "சப்ளையர் மாறியிருக்காரும்மா. சாமான் அதே சாமான்தான். சர்ட்டிபிகேட் எல்லாம் பக்காவா இருக்கு."

"நிறம் வேற, வாடை வேற சார். ஃபில்டர் அடைக்குது. குளிர்ல இது கட்டியாயிடும்போல இருக்கு. மலைக்குப் போற வண்டிய மட்டுமாவது நிறுத்துங்க."

"ஃபில்டரை மாத்தி அனுப்பு. அதுக்குத்தான நீ இருக்கே?"

மாத்தி அனுப்பினாள். மாமாவின் வண்டிக்கும் அவள் கையாலேயே புது ஃபில்டர் போட்டாள். அக்கா வாசலில் வந்து சொன்னதிலிருந்து ஒன்பதாம் நாள் அது. "என்ன, டாக்டர் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டு மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலைச்சாலையின் ஏழாவது வளைவில், முழு லோடோடு ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தபோது இன்ஜின் இரண்டு தடவை விக்கி நின்றது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை மாமா விடாமல் அழுத்திப் பிடித்திருந்தும், ஈரச் சாலையில் வண்டி பின்னோக்கி வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, தடுப்புச் சுவரில் போய் மோதியது. சுவர் தாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அதலபாதாளம். கேபின் நசுங்கி மாமாவின் இடது கால் மூன்று இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மெக்கானிக்கம்மா உள்ளே நுழைந்ததும் மாமா, "வா வா. உன் ஸ்பானர் எதையாவது காணோமா? உள்ள வெச்சுத் தெச்சுட்டாங்க" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை வாங்கிப் படித்தாள். ஷெட்டிலிருந்து கொடுத்தனுப்பிய விபத்து அறிக்கை. 'ஓட்டுநர் கண்ணயர்ந்ததால் ஏற்பட்ட விபத்து' என்று அச்சடித்திருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து. விசாரணை முடியும் வரை மாமாவின் லைசென்ஸை ஷெட்டே வாங்கி வைத்துக்கொள்ளும் என்று இன்னொரு வரி.

"கண்ணயர்ந்துட்டேனாம்" என்றார் மாமா. இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "ஏத்தத்துல, ரெண்டாம் கியர்ல, ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே தூங்குறதுக்கு நான் என்ன சாமியாரா? இருபத்தாறு வருஷத்துல ஒரு கண்ணாடி உடைச்சதில்ல நான்."

அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள். "பத்து நாள் முன்னாடியே உங்கிட்ட வந்து சொன்னேன்."

மெக்கானிக்கம்மா காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முதலாளி மேல் வந்த கோபமா, தன் மேல் வந்த கோபமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து கிடந்தன.

ஷெட்டுக்குத் திரும்பியபோது டிரைவர்கள் கேண்டீனில் கூடியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒட்டகம் எழுந்தார்.

"சந்தோஷமா உனக்கு? எண்ணெயில ஓடும், கொழுப்புல ஓடும்னு கதை சொன்னியே. உன் பொரிச்ச எண்ணெய்தான் அந்த மனுஷனைப் படுக்க வெச்சிருக்கு. அடுத்தது யாரு? நானா?"

இன்னொரு நாளாக இருந்தால் அவள் ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அலமாரியிலிருந்த பழைய பாட்டிலை எடுத்தாள். ஷெட்டில் நின்ற ஒரு வண்டியிலிருந்து புதிதாக இன்னொரு பாட்டில் பிடித்தாள். இரண்டையும் கொண்டுவந்து கேண்டீன் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, சாப்பாட்டு நேரம் முடியற வரைக்கும் யாரும் இதைத் தொடாம பாத்துக்கங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தாள். பழைய பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. புது பாட்டிலைச் சாய்த்தாள், பிறகு கவிழ்த்தாள். அசையவில்லை. பாதிக்கு மேல் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.

"இது நான் உங்களுக்குச் சொன்ன சரக்கு. இது இப்ப அவங்க ஊத்துற சரக்கு. நான் சொன்னது பொய்யில்ல அண்ணே. நான் சொன்னதோட பேரை வெச்சு எதையோ ஊத்தியிருக்காங்க."

ஒட்டகம் பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். திரும்பக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவள் அலைய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் டேங்கர் வந்தது. டேங்கர் டிரைவர் வெள்ளந்தியான ஆள். டீ வாங்கிக் கொடுத்து, "எங்க இருந்துண்ணே லோடு?" என்று கேட்டாள்.

"ஊருக்கு வெளிய ஒரு கொட்டகைம்மா. ஹோட்டல்ல இருந்து வர்ற பழைய எண்ணெயைத் துணில வடிகட்டுவாங்க. பாதி அது, பாதி சாதா டீசல். கலக்கி எனக்கு ஏத்தி விடுவாங்க."

"ஆலைக்கெல்லாம் போறதில்லையா?"

"ஆலையா? அங்க அடுப்புகூட இல்ல." அவர் டீயை ஊதிக் குடித்தார். "ஏன்மா கேக்கிறீங்க? உங்க முதலாளிக்குத் தெரியுமே. அவரே ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனாரே."

அவள் நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"துணில வடிகட்டின எண்ணெயை எங்க வண்டில ஊத்தியிருக்கீங்க."

முதலாளி சிரித்தார். "உக்காரும்மா. அதுவும் பழைய எண்ணெய், இதுவும் பழைய எண்ணெய். ஆலைக்குப் போயிட்டு வந்தா உசத்தி, நேரா வந்தா மட்டமா? விலை பாதி. புகையைக் குறைக்கணும்னாங்க, பாதி குறைச்சிருக்கோம்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

"எங்க மாமா கால்ல கம்பி வெச்சிருக்கு."

"அது அவரு தூங்கினதால. எழுதியாச்சே."

அவள் குரல் இறங்கியது. "சார், நான் பத்தொன்பது வருஷமா உங்க வண்டிங்களைப் பாத்துக்கறேன். அந்த வண்டி ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்தக் காகிதத்தை மாத்துங்க. தொட்டியைக் காலி பண்ணுங்க. ரெண்டே வேலை."

"இல்லன்னா?" அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "உங்க அக்காவும் இங்கதான வேலை பாக்கறாங்க? பாவம், இருமலோட வேற வேலை தேடறது கஷ்டம். வியாழக்கிழமை கடைக் கம்பெனில இருந்து ஆள் வர்றாங்க. நம்ம ஷெட்டுக்குப் பாராட்டுப் பத்திரம் தர்றாங்க. அன்னைக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. போட்டோ எடுப்பாங்க."

அன்று வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள். உன் வேலையும் போகலாம் என்றாள். அக்கா மாமாவின் மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் எனக்காகப் பரிதாபப்பட்டானா?"

"ஆமா."

"அப்ப நீ எனக்காக யோசிக்காத" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே கடைக் கம்பெனியின் அதிகாரி வந்துவிட்டாள். முப்பது வயது இருக்கும், கையில் டேப்லெட், கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆள். மலைப்பக்கம் போகவேண்டிய பதினோரு வண்டிகள் டீசல் போட வரிசையாக நின்றன. அதிகாரி பம்பைப் பார்த்தாள், புது டீசலுக்கு அடையாளமாக வண்டிகளில் வரைந்திருந்த பச்சை இலையைப் பார்த்தாள், டேப்லெட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். முதலாளி பக்கத்திலேயே நடந்தார்.

மெக்கானிக்கம்மா எண்ணெய் படிந்த அதே சட்டையோடு எதிரில் போய் இரண்டு பாட்டில்களையும் நீட்டினாள். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்தவை. பனி வேர்த்து வடிந்தது.

"கொஞ்சம் இதைச் சாய்ச்சுப் பாருங்க."

அதிகாரி பார்த்தாள். புரிந்துகொண்டாள். புரிந்தது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் டேப்லெட்டுக்குக் குனிந்து, "பேப்பர் எல்லாம் சரியா இருக்கேம்மா. ஒவ்வொரு லோடுக்கும் சர்ட்டிபிகேட் இருக்கு" என்றாள்.

"வண்டி பேப்பரையா குடிக்குது?"

வரிசையில் நின்ற டிரைவர்களில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. மெக்கானிக்கம்மாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினாள்.

"நான் உங்களைத் தப்பு சொல்லல. ஆனா இதை நான் பாத்ததா ஆயிடுச்சுன்னா, நாங்க மேல அனுப்பின அறிக்கை எல்லாம் பொய்யாயிடும்."

"ஆயிடாதும்மா. ஏற்கெனவே பொய்தான்."

"எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. அடுத்த ஆய்வுல..."

"அடுத்த ஆய்வு எப்ப?"

"மூணு மாசம்."

"மூணு மாசம் முழுக்கக் குளிர். பதினோரு வண்டி அந்த மலை ஏறும். எங்க வீட்டு ஆளுக்குச் சுவர் இருந்துச்சு. எல்லா வளைவுலயும் சுவர் இல்லம்மா."

அதிகாரி தன் காரைப் பார்த்தாள்.

மெக்கானிக்கம்மா பம்பை நோக்கி நடந்தாள். சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். டீசல் ஊற்றும் துப்பாக்கி மாதிரியான முனையைக் குழாயிலிருந்து நாலு சுற்றில் கழற்றினாள். அதைத் தன் இரும்புக் கருவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பெட்டியை இழுத்து வந்து, தரையடித் தொட்டியின் மூடி மேல் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தாள்.

இப்போதுதான் முதலாளியின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மறைந்தது. "எந்திரி. வண்டி கிளம்பணும். போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன்."

"உனக்கு வேலை இல்ல, போ! உங்க அக்காவுக்கும் இல்ல!"

"சரி. எந்திரிக்க மாட்டேன்."

முதலாளி டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "டேங்க்ல இருக்கிறதை வெச்சுக்கிட்டு எடுங்கப்பா வண்டிய. போற வழியில போட்டுக்கலாம்."

நாலு வண்டிகள் கிளம்பின. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒட்டகமும் தன் வண்டியில் ஏறினார். ஏறியவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, கூனலோடு நடந்து வந்து, அவள் மடியில் சாவியைப் போட்டார்.

"உனக்காகன்னு நினைச்சுக்காத. அந்த ஏழாவது வளைவைத் தாண்டித்தான் நானும் போகணும்."

அடுத்த சாவி விழுந்தது. அதற்கடுத்தது. கிளம்பிப் போன நாலில் இரண்டு வண்டிகள் கேட் வரை போய் நின்று, பின்னாலேயே திரும்பி வந்தன. அந்த நேரம் கொட்டகையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். சரக்குப் பட்டியல் பலகையைக் கையிலேயே எடுத்து வந்திருந்தாள். அதைத் தங்கையின் காலடியில் குப்புற வைத்தாள். "இன்னைக்கு எந்தப் பெட்டியும் எந்த வண்டிக்கும் இல்ல" என்றாள். இருமிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு முதலாளியின் போன் அடிக்க ஆரம்பித்தது. பிறகு அதிகாரியின் போன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிளைகளில் பால் இல்லை, காய் இல்லை, அலமாரி காலி. கடைக் கம்பெனியில் அறிக்கை படிக்காதவர்கள் எல்லாம் அலமாரியைப் பார்ப்பார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அதிகாரி பம்பருகே வந்தாள். அவள் குரல் மாறியிருந்தது. யாரோ மேலே இருந்து மாற்றியிருக்க வேண்டும்.

"மாதிரி எடுக்கணும். நீங்களே எடுத்துக் குடுங்க. நான் சீல் வெக்கிறேன்."

"எடுத்துத் தர்றேன். அதுக்கு முன்னாடி இது." மெக்கானிக்கம்மா பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. "இதுல ஒரு வரி மாறணும்."

முதலாளி அதை வாங்கவில்லை. அதிகாரி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு முதலாளியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். 'கண்ணயர்ந்ததால்' என்பதை அடித்துவிட்டு, 'எரிபொருள் கட்டியாகி இன்ஜின் நின்றதால்' என்று எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. எழுதும் வரை மெக்கானிக்கம்மா எழுந்திருக்கவில்லை.

திரும்பாமல் மலைக்குப் போன இரண்டு வண்டிகளும் அன்று இரவு பத்திரமாக வந்து சேர்ந்தன. தொட்டியை வடித்துக் கழுவ மூன்று நாள் ஆனது. அடியில் இரண்டு வாளி அளவுக்குப் பழுப்புச் சேறு கிடந்தது. ஆலையிலிருந்து நல்ல டீசல் மறுபடி வந்தது. லோடு இறங்கும் முன் அவள் ஒரு பாட்டில் பிடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் மூடி திறக்கும் என்று கடைக் கம்பெனி விதி போட்டது. வேலை போகவில்லை. அவளை நீக்கினால் டிரைவர்கள் யாரும் அந்தப் பம்பிலிருந்து ஒரு சொட்டு போட மாட்டார்கள் என்று முதலாளிக்குத் தெரியும். கொட்டகையில் அக்கா மறுபடியும் மூச்சு விட்டாள்.

ஊரில் கேட்டவர்கள், ஜெயிச்சுட்டீங்க என்றார்கள். அவளுக்கு எரிச்சல் வந்தது. முதலாளி, சப்ளையர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்தார். மறு வாரமே சிரிப்பும் திரும்பி வந்தது. கடைக் கம்பெனி, 'சிறு தரக்குறைபாடு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது' என்று அறிவித்தது. மொத்த விவகாரத்தில் வேலை போனது ஒரே ஒருவருக்குத்தான். டீ குடித்துக்கொண்டே உண்மையைச் சொன்ன டேங்கர் டிரைவருக்கு. அவருக்கு ஷெட்டிலேயே ஒரு இடம் வாங்கிக் கொடுக்க அவள் ஏழு தடவை முதலாளி அறைக்கு நடந்தாள். கிடைக்கவில்லை. மாமாவுக்கு லைசென்ஸ் திரும்ப வந்தது. கிளட்சை மிதிக்கக் கால் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடைக் கம்பெனி விளம்பரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல டீசலைக் காக்கும் பெண் என்று ஒரு பெரிய போஸ்டர் போடப் போகிறார்களாம். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்ன எழுதுவீங்க அதுல?"

"சுத்தமான பயணம், சுத்தமான மனசு. இந்த மாதிரி ஏதாவது."

"மலை ஏழாவது வளைவுல ஒரு மனுஷனுக்குக் கால் போச்சுன்னு எழுதுவீங்களா?"

வந்தவர் சங்கடமாகச் சிரித்தார். "அதுக்கெல்லாம் போஸ்டர்ல இடம் இருக்காதுங்க."

"அப்ப எனக்கும் இருக்காது" என்றாள் அவள், மிக மெதுவாக. பக்கத்து வண்டிக்கடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவள் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காலால் தரையை உந்தி, ஒட்டகத்தின் லாரிக்கு அடியில் போய்விட்டாள். போட்டோ எடுக்க வந்தவர் கொஞ்ச நேரம் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. பிறகு கேமராவை மூடி, பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.